கான்சர்ட் டிக்கெட்டா, எட்டு வார சால்சா வகுப்பா?

மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க ஆகும் செலவு டிக்கெட்டில் அச்சடித்த தொகையோடு முடிவதில்லை. முன்பதிவுக் கட்டணம், போகவர ஆகும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அதை ஜோடியாக ஆடும் லத்தீன் நடனமான சால்சாவின் தொடக்கநிலை வகுப்பில் ஒரு மணி நேரக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 6க்கு மேல் வந்தால் வகுப்பில் சேருங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை. பேசிக் (அடிப்படை அடி), ரைட் டர்ன் (வலப்பக்கச் சுழற்சி), கிராஸ் பாடி லீட் (பார்ட்னரை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்புவது) ஆகிய மூன்றும் யோசிக்காமலே காலில் வருவதற்கு ஆறிலிருந்து எட்டு வகுப்புகள் வேண்டும். இந்த மூன்றும் கைவந்தால் ஒரு முழுப் பாட்டுக்கும் ஆடிவிடலாம்.

முதல் வகுப்பில் சொல்லித்தருவது எட்டு எண்ணிக்கைதான். லீட் செய்பவர், அதாவது ஜோடியில் வழிநடத்துபவர், 1இல் இடது காலை முன்னே வைக்கிறார், 2இல் வலது காலை இருந்த இடத்திலேயே மிதிக்கிறார், 3இல் இடது காலை நடுவுக்குக் கொண்டுவருகிறார். 5இல் வலது கால் பின்னே போகிறது, 6இல் இடது கால் அதே இடத்தில், 7இல் வலது கால் நடுவுக்கு. அவரைப் பின்பற்றி ஃபாலோ செய்பவருக்கு இது அப்படியே எதிர்மாறு: 1இல் வலது கால் பின்னே. 4, 8 இரண்டிலும் யாரும் கால் வைப்பதில்லை. புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். சும்மா நிற்கப் பொறுக்காமல் 4இல் ஒரு அடி வைத்துவிட்டால், 5இல் தவறான கால்தான் மிச்சமிருக்கும். 4இல் உடல் எடையை முழுவதும் இடது காலுக்கு (ஃபாலோ செய்பவர் வலது காலுக்கு) மாற்றி முடிக்கப் பழகினால் இந்தத் தவறு போய்விடும்.

அடுத்த தவறு நீள அடி. நிமிடத்துக்கு 200 தட்டு உள்ள பாட்டில் எட்டு எண்ணிக்கையும் 2.4 நொடியில் முடிந்துவிடும். தன் பாத நீளத்தைத் தாண்டி அடி வைப்பவரால் அதற்குள் நடுவுக்குத் திரும்ப முடியாது. அடி சின்னதாக இருந்தால் வேகம் தானாக வரும்.

டிக்கெட்டை விட வகுப்பு மேல் என்று நாங்கள் அடித்துச் சொல்வது காதுக்குக் கிடைக்கும் பயிற்சிக்காக. சால்சாவின் முதுகெலும்பு கிளாவே என்ற, ஐந்து தட்டுகள் கொண்ட தாளம். முதல் நான்கு எண்ணிக்கையில் இரண்டு தட்டும் அடுத்த நான்கில் மூன்றும் வரும் 2–3 வகையில் அது 2, 3, 5, ஆறரை, 8 ஆகிய இடங்களில் விழும். இதைக் கைதட்டிப் பழகியவருக்கு, முன்பு ஒரே இரைச்சலாகக் கேட்ட தாளவாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். பிறகு எந்த மேடை நிகழ்ச்சிக்குப் போனாலும் இந்தக் காது கூடவே வரும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகும் பயிற்றுநர் பாட்டு முழுக்க வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தால், அந்த வகுப்பில் இந்தப் பலன் கிடைக்காது.

சேரும் முன் தரையைப் பாருங்கள். கீழே சற்றுக் கொடுக்கும் மரத்தளம் நல்லது. கான்கிரீட் மேல் நேரடியாகப் பதித்த டைல்ஸில் தொடர்ந்து ஆடினால் முன்னங்காலும் முழங்காலும் வலிக்கும். ரப்பர் அடி வைத்த ஓட்டக் காலணியும் வேண்டாம். டர்னில் உடல் திரும்ப, கால் தரையிலேயே ஒட்டி நிற்க, முறுக்கெல்லாம் முழங்காலில் இறங்கும். ஸ்வேட் (சொரசொரப்பான தோல்) அடிக் காலணி சரியாக வழுக்கும். அது மழுங்கினால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்ளலாம், ஆனால் ஈரத்தில் போட்டு நடக்கக் கூடாது.

பார்ட்னரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள். ஒரே ஆளுடன் ஆடினால் லீட் புரியாமலே, அவர் பழக்கம் மனப்பாடமாகிவிடும். டர்னில் பெருவிரலால் பார்ட்னரின் கையை அழுத்திப் பிடிப்பது மணிக்கட்டைச் சுளுக்கும். இதை முதல் நாளே திருத்தாத பயிற்றுநரிடம் பணம் கட்டாதீர்கள். கற்றுத்தருவது ஆன்1ஆ ஆன்2ஆ, அதாவது முன்னும் பின்னும் திசை மாறும் அடி 1இல் விழுமா 2இல் விழுமா என்றும் கேளுங்கள். நியூயார்க்கின் நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய ஆன்2 அழகானதுதான், ஆனால் முதல் இரண்டு மாதத்தில் இரண்டையும் கலந்தால் எதுவும் காலில் நிற்காது.

டிக்கெட் வாங்குவதே சரியாக இருக்கும் நேரமும் உண்டு. விடைபெறும் சுற்றில் இருக்கும் கலைஞரை இன்னொரு முறை பார்க்க முடியாது, வகுப்பு அடுத்த மாதமும் இருக்கும். போனால் காதடைப்பான் எடுத்துப் போங்கள். நிகழ்ச்சி அரங்குகளுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த சராசரி ஒலி உச்சவரம்பே 100 டெசிபல், அது காதுக்குக் குறைந்த சுமையல்ல. வாரம் தவறாமல் வர முடியாதவர்களுக்கும் வகுப்பு சரிப்படாது. அடுத்தடுத்து இரண்டு வாரம் விட்டால் மற்றவர்கள் டர்னுக்குப் போயிருப்பார்கள், நீங்கள் பேசிக்கிலேயே நிற்பீர்கள். எனவே எட்டு வாரக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டும் முன் ஒரு வகுப்புக்கு மட்டும் போய்ப் பாருங்கள். தவறவிட்ட வகுப்பை வேறு நாளில் ஈடுகட்ட முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.