புதன்கிழமை ஊசி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரோட்டா சொட்டு மருந்து

சின்னவளுக்கு ரோட்டா சொட்டு மருந்தின் (ரோட்டா என்கிற வைரஸால் குழந்தைகளுக்கு வரும் கடுமையான பேதியைத் தடுக்கும் மருந்து) மூன்றாவது தவணை போன புதன்கிழமையோடு முடிந்தது. ஆறு, பத்து, பதினான்காவது வாரம் என்று மூன்று தவணையும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், ஒரு பைசா செலவில்லை. "அரசாங்க மருந்தா? தனியாரில் போடலாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

பெரியவன் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று புரியும். அவன் 2016 தொடக்கத்தில் பிறந்தவன். அந்த வருடம்தான் நான்கு மாநிலங்களில் ரோட்டா மருந்தை இலவச தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள், தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது, அதனால் அவன் அட்டையில் அது கிடையாது. பத்தாவது மாதத்தில் ஒரு ராத்திரி வாந்தி ஆரம்பித்து, விடிவதற்குள் தண்ணீர் தண்ணீராகப் பேதி. பல் முளைக்கிற பேதி, தானாக நின்றுவிடும் என்றார் அத்தை. பக்கத்துத் தெருவில் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனோம், அதிலேயே பாதி நாள் போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது, அழுகிறான் ஆனால் கண்ணீர் வரவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் அவர்கள் தேடியதை இன்று வரை மறக்க முடியவில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். கூட்டம் உண்டு, காத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு மின்விசிறி, கைக்குழந்தையோடு உட்கார இடம் போதாது, இது ஒன்றுதான் என் குறை. பெஞ்ச் இரண்டு கூடுதலாகப் போடலாம். மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து கண் முன்னாலேயே எடுக்கிறார்கள், போலியோ சொட்டு தனி, ரோட்டா தனி என்று காட்டிவிட்டுத்தான் வாயில் விடுகிறார்கள், அட்டையில் தேதி எழுதி அடுத்த தேதியையும் வாயால் சொல்கிறார்கள். பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நர்ஸம்மா பேசிய விதம். "இதைப் போட்டுட்டா பேதியே வராதுன்னு நினைக்காதம்மா, ரோட்டாவால வர்ற மோசமான பேதிதான் குறையும்" என்று நேராகச் சொன்னார். அவர் சொன்னது ஆராய்ச்சியோடும் ஒத்துப்போகிறது. ஐதராபாத்தில் தயாராகும் ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, எங்கள் வேலூர் என்று மூன்று இடங்களில் சோதித்தபோது, முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதி 56 சதவீதம் குறைந்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் அந்த மூன்று நாளைப் பார்த்தவளுக்கு இந்தப் பாதி மிகப் பெரியது. வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் கிருமி வரும் என்பதால், கை கழுவுவதை மட்டும் நம்பி மருந்தை விடாதீர்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. மருந்து போட்ட பிறகு அபூர்வமாகக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும், குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி நிற்காமல், மலத்தில் ரத்தம் கலந்து வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கூட்டி வா என்றார். அப்புறம், பேதி வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தந்தார். பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி ஒரு லிட்டருக்கு என்றால் முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாதாம். ஜிங்க் மாத்திரை கொடுத்தால் நடுவில் பேதி நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் முடிக்க வேண்டுமாம். பெரியவன் சமயத்தில் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, பால் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று நிறுத்தியே வைத்திருந்தேன்.

இதே மாதிரி மருந்துக்குத் தனியார் கிளினிக்கில் கேட்டபோது ஒரு தவணைக்கே ஆயிரத்துக்கு மேல் சொன்னார்கள். முடிந்தவர்கள் அங்கே போடுங்கள், தப்பில்லை. ஆனால் காசு இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் யாராவது இருந்தால், வருகிற புதன்கிழமையே அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். ஆறாவது வாரம் தவறியிருந்தாலும் ஒரு வயதுக்குள் முதல் தவணை போடுகிறார்கள். குடிக்கத் தண்ணீரும், குழந்தைக்கு மாற்றுத்துணியும், ஒரு விசிறியும் கூடவே இருக்கட்டும்.