கற்பவளமா, தோல்பவளமா, கோமாளி மீனா: பெங்களூருக்கு எது தோது?

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்தவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் கற்பவளம்தான். தனக்கான சுண்ணாம்புக் கூட்டைத் தானே கட்டிக்கொண்டு வளரும் உயிர் அது. அதோடு போட்டிக்கு நிற்பவை இரண்டு: கற்கூடு கட்டாத தோல்பவளம், பவளமே இல்லாத கோமாளி மீன் தொட்டி. என் ஓட்டு கடைசியானதற்கு.

கடையில் விலைச்சீட்டோடு இருக்கிறது என்பதற்காகக் கற்பவளத்தை வாங்கிவிட முடியாது. கற்பவள இனங்கள் அத்தனையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். மீறினால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. இந்தக் கண்டிப்பின் காரணம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் விளங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. 'வெளிநாட்டில் தொட்டியில் வளர்த்த துண்டு சார்' என்று கடைக்காரர் சமாதானம் சொல்வார். அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் கற்பவளங்கள் இருப்பதால் அதற்கும் காகிதம் வேண்டும். கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவைத்தாலும், வளர்ப்பு எளிதில்லை. கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை அதற்கான டிகேஹெச் அளவில் 8 முதல் 9, வெப்பம் 25, 26 டிகிரி. இந்த எண்களை எட்டுவதைவிட ஆடாமல் நிறுத்துவதே பெரும்பாடு. கூடு கட்டக் கட்டப் பவளம் கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்துக்குக் காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கினால் போதும், அடியிலிருந்து தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கும். ஹாமர் பவளம் கொஞ்சம் பொறுத்துப்போகும், ஆனால் பக்கத்து வீட்டாரோடு ஒத்துப்போகாது. பகலில் குண்டு நுனிகளை அசைத்துக்கொண்டு சாதுவாக நிற்கும். விளக்கணைந்தபின் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடி நூலாக நீண்ட கொட்டும் கைகள் நீரோட்டத்தில் துழாவிக்கொண்டிருக்கும். எட்டும் தூரத்தில் இருக்கிற பவளம் வெந்துபோகும்.

தோல்பவளத்துக்குக் கால்சியக் கணக்கு இவ்வளவு கறாராக வேண்டாம். அவ்வப்போது சில நாட்கள் சுருங்கி மூடிக்கொள்ளும். செத்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை. மேலே படிந்த மெழுகுப் படலம் உரிந்து நீரில் மிதந்து போகும், அடியில் புதுத்தோல் மினுங்கும். கூடவே ஸோவாந்தஸ் என்ற, கல்லில் கூட்டமாக ஒட்டி வளரும் பவள உறவினத்தையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதன் உறவுகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்கவைக்கவே கூடாது. தோல்பவளம் வாங்கினாலும் எந்தக் கடலில் எடுத்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

ஊரின் குணமும் சேர்ந்துகொள்கிறது. சென்னைக்காரர் கேன் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம். பெங்களூரில் உப்புப் பொட்டலம்தான் கடல். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்றால் 200 லிட்டருக்கு 7 கிலோ. போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்க ஆர்ஓ வேண்டும்; 2024 கோடையில் குடிநீருக்கே லாரி பிடித்த அடுக்ககங்களில், ஆர்ஓ கழிவாக ஓடுகிற தண்ணீரைப் பார்க்க மனம் கூசும். ஒரே ஆறுதல் தட்பவெப்பம். மும்பை, சென்னை அளவுக்குத் தொட்டி நீரைக் குளிரவைக்கும் சில்லர் இங்கே தேவைப்படாது. டிசம்பரில் ஹீட்டர்தான் வேண்டும்.

கோமாளி மீனுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்கவைத்திருக்கிறார்கள், ஆகவே கடலிலிருந்து பிடிக்காத ஜோடியைக் கேட்டு வாங்கலாம். கடலில் அது அண்டி வாழும் கடல் அனிமோன் இல்லாமலே தொட்டியில் நன்றாக இருக்கும். பாறைக்கு 'லைவ் ராக்' எனப்படும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல் வேண்டாம். அதுவும் பெரும்பாலும் பழைய பவளக்கூடுதான். செராமிக் பாறை போதும். புதுத் தொட்டி நீரில் மீனைக் கொல்லும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வரும்வரை, நாலைந்து வாரமானாலும், மீன் விடாதீர்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.