கொம்பா, எழுத்தா? பழைய நிக்கல் காசுக்குத் தரம் பார்க்கும் கதை

லிபர்ட்டி நிக்கல், பஃபலோ நிக்கல் இரண்டும் அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசுதான். 5 கிராம் எடை, முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். ஆனால் 1883இல் தொடங்கிய லிபர்ட்டி நிக்கலைக் கையில் வைத்துத் தரம் சொல்வதும், 1913 முதல் 1938 வரை வந்த பஃபலோ நிக்கலுக்குத் தரம் சொல்வதும் ஒரே வேலை இல்லை. முன்னதில் எழுத்து எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பின்னதில் காட்டெருமையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் சுலபமானது. சார்லஸ் பார்பர் வடிவமைத்த லிபர்ட்டி நிக்கலில் பெண் தலை இருக்கும்; தலைப்பட்டையில் லிபர்ட்டி என்ற சொல், ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. மூன்று எழுத்தாவது தெரிந்தால் தரம் வெரி குட், அதாவது எழுபது வரை போகும் தர அளவில் 8. ஏழும் தெரிந்தால் ஃபைன் 12. மெலிந்து போகிற 'ஐ' உட்பட எல்லாம் அழுத்தமாக நின்றால் விஎஃப், அதாவது வெரி ஃபைன் 20. அவ்வளவுதான். தேய்ந்த காசுகளைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் அநேகமாகப் பொய் சொல்வதில்லை.

பஃபலோவில் ஒரு பக்கம் செவ்விந்தியரின் தலை, மறுபக்கம் காட்டெருமை. அங்கே அளவுகோல் எருமையின் கொம்பு. பாதிக் கொம்பு தெரிந்தால் வெரி குட், முக்கால் தெரிந்தால் ஃபைன். விஎஃப்புக்கு முழுக் கொம்பையும் எதிர்பார்ப்பார்கள். நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தால் சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் விட மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1920களில் டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலைகளில் அடித்த காசுகள் பலவற்றில் அச்சே சரியாக விழவில்லை. 1926 டென்வர் காசு இதற்குப் பேர்போனது. யார் கைக்கும் போகாமல் உறைக்குள்ளேயே இருந்த காசில்கூடக் கொம்பு முழுசாக இருக்காது. கொம்பை மட்டும் பார்த்துத் தரம் போட்டால் புதுக் காசைப் பழசு என்று சொல்லிவிடுவோம். விற்பவர் அதையே திருப்பிப் போட்டு, நிஜமாகவே தேய்ந்த காசைக் காட்டி, 'அச்சு சரியா விழல, அவ்வளவுதான்' என்பார்.

அப்புறம் எதை நம்புவது? மினுக்கத்தை. ஒரே ஒரு பல்பின் கீழே காசைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சப் பட்டை ஒன்று காசின் மேல் சக்கரம் போலச் சுழலும். அது செவ்விந்தியரின் கன்ன எலும்பையும் எருமையின் இடுப்பையும் அறுபடாமல் கடந்தால், அங்கே விவரம் குறைந்திருந்தாலும் அது அச்சின் குறை. மேட்டில் மட்டும் பட்டை அறுந்து மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் அது தேய்மானம். லிபர்ட்டியிலும் இந்தச் சோதனை தேவைப்படும், ஆனால் உயர்ந்த தரங்களில்தான். அங்கே நட்சத்திரங்களின் நடுவிலும், பின்பக்க மாலையின் இடது கீழே இருக்கும் சோளக் கதிரிலும் அச்சு சரியாக விழாமல் போவதுண்டு.

பஃபலோவுக்கு இன்னொரு தலைவலி, தேதி. அது மேடான இடத்தில் இருப்பதால் சீக்கிரமே தேய்ந்துபோகும். தேய்ந்த தேதியை ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டு வரவழைத்து விடலாம். ஒரு காசுச் சந்தையில் இப்படி ஒன்றை நானே ஆசையாக வாங்கினேன். தேதி பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேதியைச் சுற்றி மட்டும் சொரசொரப்பான திட்டு, லேசாகச் சொறி பிடித்த மாதிரி. மற்ற இடமெல்லாம் வழவழ. எந்த ஆண்டுக் காசு என்று தெரிந்துகொண்டேன், பணம் போனது போனதுதான்.

லிபர்ட்டி மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 1883இல் முதலில் வந்த காசில் ரோமன் எண் ஐந்து இருந்தது, சென்ட் என்ற சொல் இல்லை. தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று தள்ளிவிட்டார்கள். முலாமின் மிச்சம் எழுத்து இடுக்குகளில் மஞ்சளாகத் தெரிந்தால், மற்றபடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழுதுபட்ட காசுதான்.

பஃபலோவுக்கு அடுத்து வந்த ஜெபர்சன் நிக்கலைப் பற்றி ஒரு வரி: அங்கே பின்பக்கத்தில் இருக்கும் மாளிகையின் படிகளை எண்ண வேண்டும், ஐந்தோ ஆறோ. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் போச்சு. கற்றுக்கொள்ள ஏற்ற காசு இல்லை.

நாமே தரம் பார்ப்பதா, பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்கள் தரம் போட்டுப் பெட்டியில் அடைத்ததை வாங்குவதா என்றால், சாதாரணக் காசுக்குப் பெட்டி வீண் செலவு. அச்சில் ஒரு கால் விடுபட்டுப்போன 1937 டென்வர் மூன்று கால் எருமைக்கோ, 2,38,000 மட்டுமே அடித்த 1912 சான் பிரான்சிஸ்கோ லிபர்ட்டிக்கோ பெட்டி இல்லாமல் பணம் கொடுக்க மாட்டேன். காலைச் செதுக்கி எடுக்கவும் ஆள் இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' எழுத்தை ஒட்டவும் ஆள் இருக்கிறது.

சமீபத்தில் 1924 டென்வர் பஃபலோ இரண்டு ஒரே விலைக்கு வந்தன. ஒன்றில் முழுக் கொம்பு, ஆனால் துடைத்த கோடுகள் மயிரிழை மயிரிழையாக. மற்றதில் முக்கால் கொம்புதான், காசின் மேற்பரப்பு அப்படியே கைபடாமல், மேட்டில் மட்டுமின்றி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. முக்கால் கொம்பைத்தான் எடுத்து வந்தேன்.