ஓதம் ஏறும் வீட்டில் எந்தப் புத்தக அலமாரி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் நின்றது. கட்டிலும் பீரோவும் தப்பித்துவிட்டன. ஆன்லைனில் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத புத்தக அலமாரி மட்டும் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி அடியில் ஊதிக்கொண்டு நின்றது. பொங்கலுக்குள் அதன் அடித்தட்டை விரலாலேயே பிய்த்து எடுக்க முடிந்தது. அதில் இருந்தவை அப்பா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்துவைத்த தொடர்கதைகள். அவற்றில் நான்கு போய்விட்டன.

அடுத்த அலமாரிக்கு என் முன்னால் நான்கு வழி இருந்தது. மறுபடியும் ஒரு ரெடிமேட் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி, மண்ணடி இரும்பு ரேக், சுவரில் சேனல் எனும் உலோகப் பட்டைகளை அடித்து மாட்டும் தட்டுகள், ஆசாரியை வைத்துச் செய்யும் பிளைவுட் அலமாரி. நான் எடுத்தது கடைசியை. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அழகு, விலை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். படத்தில் அழகு ரெடிமேட்தான். விலை குறைவு இரும்பு ரேக். பார்த்ததும் ‘அட!’ என்று சொல்ல வைப்பது சுவர்த் தட்டு. பிளைவுட் அலமாரிக்கு எனக்கு 31,000 ரூபாய் ஆனது, நான்கிலும் அதுதான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடல் நடந்து போகிற தூரம். காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பி வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் கேட்கும். தரைத்தளத்துச் சுவர்களில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து உதிரும். இங்கே ஓர் அலமாரி ஈரத்தை எப்படித் தாங்குகிறது, அதன் பின்னாலும் அடியிலும் என்ன நடக்கிறது என்று நம்மால் பார்க்க முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ரெடிமேட் அலமாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னோடி என்று ஸ்வீடன் ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியாவின் ‘பில்லி’ அலமாரியைச் சொல்லலாம். 1979-இல் கில்லிஸ் லண்ட்கிரென் வடிவமைத்தது. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளையும் சிம்புகளையும் பசையில் அழுத்திச் செய்வது. மேலே ஒட்டிய தாள் நன்றாக இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். ஸ்க்ரூ போட்ட இடத்தில் ஈரம் ஏறினால் உள்ளே மாவுதான். பின்பக்கத்தை மூடும் மெல்லிய அட்டை சுவரோடு ஒட்டி நின்று பூஞ்சைக்கு வீடாகிவிடும். மாடியில், ஓதமில்லாத வீட்டில், நூறு புத்தகத்துக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

இரும்பு ரேக்கை நான் ரொம்ப யோசித்தேன். ஓட்டை போட்ட ஆங்கிளில் நட்டு போல்ட்டு போட்டு நிறுத்தும் இந்த முறையை லண்டனில் டிமெட்ரியஸ் கொமினோ என்பவர் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் மண்ணடியில் அளவு சொன்னால் வெட்டித் தருகிறார்கள். கரையானுக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. வேண்டாம் என்று முடிவானாலும் காயலாங்கடையில் எடைக்கு ஒரு காசு வரும். என் பழைய ரெடிமேட் அலமாரியைச் சும்மா கொடுத்தும் அவர்கள் தொடவில்லை. தம்பி கடையில் பத்து வருடமாக ஒரு ரேக் நிற்கிறது, ஆடவில்லை. ஆனால் அது சரக்கு அடுக்குவதற்கு. ஆழம் 15 அங்குலம். நம் தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் டெம்மி சைஸ், அகலம் ஐந்தரை அங்குலம். ரேக்கில் இரண்டு வரிசையாக அடுக்க வேண்டிவரும், பின்வரிசையை அதன் பிறகு யாரும் பார்ப்பதில்லை. தவிர, தகட்டு விளிம்பு புத்தகத்தின் அடியை அறுக்கும், ஓட்டைகளின் ஓரத்தில் துரு பிடிக்கும். பவுடர் கோட்டிங் செய்தால் துரு தள்ளிப்போகும் என்கிறார்கள். எங்கள் காற்றில் அது எத்தனை வருடம் நிற்கும் என்று நான் பார்த்ததில்லை.

சுவர்ச் சேனலைப் பெரம்பூரில் ஒரு தோழி வீட்டில் பார்த்தேன். புது பிளாட், நேரான சுவர். ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960-இல் செய்த 606 அலமாரியும் இந்த வகைதான், அது இன்னமும் தயாரிப்பில் இருக்கிறது. தரையைத் தொடாததால் மாப் போடவும் வசதி, வெள்ளத்துக்கும் பயமில்லை. என் வீட்டில் டிரில் வைத்தால் சுவரிலிருந்து மணல்தான் கொட்டியது. இரண்டடித் தட்டு நிறைய டெம்மி புத்தகம் அடுக்கி எடை மெஷினில் வைத்தேன், 14 கிலோ. ஐந்து தட்டு என்றால் 70 கிலோ. அதை இந்தச் சுவரில் தொங்கவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, பிளைவுட்டுக்கு வருவோம். சூளை சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் ‘கமர்ஷியல்’, ‘மரைன்’ என்று இரண்டு பெயர் அடிபடும். முதலாவது ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் வரும் எம்.ஆர்., அதாவது ஈரத்தை ஓரளவு தாங்கும் ரகம், இரண்டாவது ஐ.எஸ். 710. வித்தியாசம் முக்கியமாகப் பசையில். முதலாவதில் யூரியா பசை, இரண்டாவதில் ஃபீனால் பசை. 710-க்கான சோதனையில் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். முத்திரையை மட்டும் நம்பி வாங்க மனம் வராமல், கடையில் ரகத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, பழைய அலமாரியின் துண்டையும் சேர்த்து ஓர் ஓட்டை அலுமினியச் சட்டியில், அதாவது ஓட்டையை அடைத்த சட்டியில், கொதிக்க வைத்தேன். அரை மணியில் பழைய துண்டு உப்புமா. இரண்டு மணி நேரத்தில் கமர்ஷியல் வீச்சு பரோட்டா போல அடுக்கடுக்காக விரிந்தது. மரைன் நிறம் மட்டும் மாறியது. மூன்று மணியில் அடுப்பை அணைத்துவிட்டேன், 72 மணி நேரத்துக்கு கேஸ் யார் தருவது? அதனால் இதைப் பெரிய நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பலகையை வாங்குவது என்ற கேள்வி அந்தச் சட்டியோடு தீர்ந்தது.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஆசாரி சின்னப் பையன்தான், கணக்கில் கெட்டி. “ஒன்பதரை அங்குலம் ஆழம் வைங்கக்கா, வேஸ்ட்டே வராது” என்றார். நான்கடி அகலப் பலகை 48 அங்குலம். ஒன்பதரையில் ஐந்து பட்டை 47½, ரம்பம் தின்கிற தூளுக்கு மீதி அரை அங்குலம். எட்டடிப் பட்டையை நான்காக வெட்டினால் ஏறத்தாழ இரண்டடித் தட்டுகள். ஒரு பலகைக்கு இருபது தட்டு. டெம்மி, கிரவுன் என்ற இரண்டு புத்தக சைஸுக்கும் ஒன்பதரை தாராளம்.

இரண்டடி என்பதில் எனக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளியில் இயற்பியல் எடுப்பவள் நான். தட்டு நிறையப் புத்தகம் இருந்தால் அதன் வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், தடிமனின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். இரண்டடியை மூன்றடியாக்கினால் வளைவு ஐந்து மடங்கு. பழைய அலமாரியின் மூன்றடித் தட்டு, 15 மி.மீ. தடிமன், ஆறே மாதத்தில் தூளி மாதிரி தொங்கியது அதனால்தான். இப்போது இருப்பது 18 மி.மீ.

ஆனால் மொத்த வேலையிலும் நான் சண்டை போட்டு வாங்கியது இரண்டு: காலும் முதுகும். ஆறு அங்குலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் கால்கள். முதுகில் பலகையே வேண்டாம் என்றேன். பின்பலகை இல்லாவிட்டால் அலமாரி பக்கவாட்டில் சாயும் என்று ஆசாரி சொன்னது உண்மைதான், அதற்குக் குறுக்காக இரண்டு பட்டை வைத்து முடுக்கினோம். சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கிறது. காற்று ஓடுகிறது, ஓதம் ஓதத்தின் பாட்டுக்குச் சுவரில் கிடக்கிறது. மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும் என்பது பசையைப் பற்றிய பேச்சு. கரையான் விஷயத்தில் கண்காணிப்பைத்தான் நான் நம்புகிறேன். கரையான் ஏற வேண்டுமென்றால் மண்குழாய் கட்டிக்கொண்டு அந்தப் பளபளக்கும் கால் வழியாகத்தான் வர வேண்டும். மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாட்டி வீட்டில் எறும்புக்குப் பயந்து மீட் சேஃப் என்ற வலைக்கதவுச் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள், அதே புத்தி. இன்னொன்று, வெட்டிய விளிம்புகள்தான் பலகை தண்ணீர் குடிக்கும் வாய். முன்னால் தெரியும் விளிம்புக்கு மட்டும் பட்டை ஒட்டிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். பின்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் நான் நின்று ஒட்டவைத்தேன்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தட்டு வளையவில்லை, ஸ்க்ரூ லூஸாகவில்லை. வீட்டுக்குள் மறுபடி தண்ணீர் வரவில்லை, ஆகவே வெள்ளச் சோதனை இன்னும் பாக்கி. வாடகை வீட்டில் இருப்பவர் கேட்டால் இதைச் சொல்லத் தயங்குவேன். கழற்றி மாட்டலாம் என்றாலும் கனம் அதிகம். அவர்களுக்கு இரும்பு ரேக்தான், தட்டில் தடிமனான ரெக்சின் விரித்து.

குறை தூசி. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற ஊர், திறந்த தட்டில் நான்கு நாளில் கறுப்பாகப் படிகிறது. ஞாயிறு காலை எனக்குத் துடைக்கும் வேலை. கண்ணாடிக் கதவு போட்டால் தூசி நிற்கும், ஈரமும் உள்ளேயே நிற்கும். மேல் இரண்டு தட்டுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று மாமியார் சொல்கிறார். ஆசாரியிடம் கேட்டேன், பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னார். பத்து நாள் வேலையை ஐந்து வாரத்தில் முடித்தவர், எந்தப் பொங்கல் என்று நான் கேட்டுவைத்திருக்க வேண்டும்.