மொத்தப் பித்த அமிலப் பரிசோதனை: விளம்பரம் ஒன்று, அறிக்கை வேறு

பித்தநாள அடைப்புக்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தந்தைக்கு மருத்துவர் எழுதித் தந்த இரத்தப் பித்த அமிலப் பரிசோதனையை (கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் அமிலங்கள் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது), எங்கள் பகுதித் தனியார் ஆய்வகம் ஒன்றில் செய்தோம். விடிந்ததும் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்த பெண், இரவிலிருந்து வெறும் வயிறுதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி இந்த அளவு இயல்பாகவே உயரும் என்பதால், அந்தக் கவனம் பாராட்டுக்குரியது.

குறை ஆய்வகத்தின் விளம்பரத் துண்டறிக்கையில்தான். பித்தநாளப் புற்றுநோய் அபாயத்தையும் அறியலாம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கைக்கு வந்த தாளிலோ மொத்த அளவாக ஒரே ஓர் எண், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. கொலஸ்ட்ராலிலிருந்து கல்லீரல் உருவாக்கும் கோலிக், கீனோடிஆக்சிகோலிக் என்ற பித்த அமிலங்களும், அவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றுவதால் உண்டாகும் டிஆக்சிகோலிக், லித்தோகோலிக் அமிலங்களும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதையே ஆய்வாளர்கள் புற்றுநோயுடன் தொடர்புபடுத்திப் பார்க்கிறார்கள். மொத்த அளவு அதைக் காட்டாது. மேலும், நாளம் அடைபட்டாலே பித்த அமிலங்கள் இரத்தத்தில் தேங்கும் என்பதால், அந்த அம்புக்குறியைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் கெட்டது வீண். இதை மருத்துவரே பிறகு விளக்கினார்; ஆய்வகத்தில் கேட்டபோது பதிலில்லை.