பனியில் வெடித்த வேன் என்ஜினும் புதூர்ப் பட்டறையும்

மதுரை கே.புதூர் சிட்கோ எஸ்டேட் பக்கம் இருக்கும் ஓர் என்ஜின் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லையாம். அந்தப் பக்கம் டீக்கடையில் நின்று, படகு என்ஜின் பார்க்கிற பட்டறை எது என்று கேட்டால் கை காட்டுவார்கள். மண்டபம், ராமேஸ்வரம் விசைப்படகுகள் பலவற்றில் லாரியில் இருப்பது போன்ற டீசல் என்ஜின்தான் ஓடுகிறது. அவற்றின் பிளாக்குகள், அதாவது என்ஜினின் வார்ப்பிரும்பு உடல்கள், இங்கே வரிசையாக அடுக்கிக் கிடக்கும்.

நான் கொண்டுபோனது படகு இல்லை, வேன். திருநகரில் இரண்டு டிராவலர் வேன் வைத்து ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒன்பது வருடமாக இதுதான் எங்கள் சோறு. போன ஜனவரியில் காசி, ஹரித்வார், வைஷ்ணவதேவி என்று ஒரு குழு கிளம்பியது. வைஷ்ணவதேவி அடிவாரமான கட்ரா வரை போய்விட்டு, பனியையும் பார்த்துவிடலாம் என்று காஷ்மீரில் இருக்கும் பஹல்காமுக்கு ஏறினார்கள். நம் ஊர் வழியாகப் போகும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை போகிறது. ஆனால் இங்கே ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்குமே என்று பயப்படுவோம், உறையும் என்று யார் நினைத்தோம்? கொடைக்கானலில் விடியற்காலையில் புல் மேல் உறைபனி பார்த்திருக்கிறேன். அதற்காக எந்த வண்டியும் நின்று நான் கேள்விப்பட்டதில்லை.

கிளம்பும்போது கூலன்டும் (ரேடியேட்டரில் ஊற்றும், உறையவிடாத திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றித்தான் அனுப்பினேன். அந்தக் கலவை மைனஸ் 35 டிகிரி வரைகூடத் தாங்கும். நாக்பூர் தாண்டி ஹோஸ் வெடித்து எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. டிரைவர் தம்பி புது ஹோஸ் மாட்டி, பெட்ரோல் பங்கில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினான். ஜான்சியில் மறுபடியும் குறைய, மறுபடியும் தண்ணீர். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே எல்லா டிரைவரும் அதைத்தான் செய்வார்கள். ஏன் கூடாது என்று நானும் சொல்லித் தரவில்லை. பஹல்காமில் அன்று ராத்திரி மைனஸ் 8. காலையில் ஸ்டார்ட் ஆனது, பெல்ட் கீச்சென்று கத்தியது, உடனே அணைத்துவிட்டான். அது பெரிய புண்ணியம். அந்த பெல்ட் சுற்ற வேண்டிய வாட்டர் பம்புக்குள் தண்ணீர் கல்லாகி இருந்திருக்கிறது. அப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெயில் ஏறி ஐஸ் உருகிய பிறகுதான் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடியது. அதுவரை விரிசலை ஐஸே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பயணிகளை டெல்லிக்குக் கூட்டிவந்து, நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏற்றி மதுரை சேர்த்தோம். வேன் ஒரு ரிட்டர்ன் லாரியில் வந்தது. அந்த வாடகையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், பிளாக் போச்சு, புது ஷார்ட் பிளாக் (பிஸ்டன், கிராங்க் பூட்டிய பிளாக்) போடுங்கள், 2 லட்சத்து 40 ஆயிரம் என்றார்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய என்ஜின் இறக்கித் தருகிறேன், 1 லட்சத்து 10 ஆயிரம் என்றார் ஒரு புரோக்கர். ஒரு வெல்டர் ஆறாயிரத்தில் பற்றவைத்துவிடலாம் என்றார். இன்சூரன்ஸில் கேட்டேன். விபத்து இல்லை, இயந்திரக் கோளாறு, பாலிசியில் வராது என்று முடித்துவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி ஓடியாக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம்தான் எங்களுக்கு வருஷத்து லாபம்.

புதூர்ப் பெரியவர் மட்டும்தான் விலை சொல்ல மறுத்தார். "சோதிக்காம எப்படித் தாயி சொல்றது? சோதனைக்கு 2,500 குடு. தேறாதுன்னா அதோட போகட்டும்" என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையில்தான்.

என்ஜினைப் பிரித்து, வெறும் பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கழுவினார்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதுபோலச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் செத்திருந்தது. அங்கே சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடரை அடித்தார். பத்து நிமிடத்தில் வெள்ளைக்குள் சிவப்புக் கோடு ஊறி வந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்து வெளிச்சுவரில் ஒரு சாண் நீளம். வெறுங்கண்ணுக்கு அதில் பாதிதான் தெரிந்தது. அப்புறம் தண்ணீர்ப் பாதைகளை எல்லாம் ரப்பர் ஷீட்டும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, சூடான தண்ணீரை உள்ளே விட்டு, கைப்பம்பால் மூன்று கிலோ பிரஷர் ஏற்றினார். ரேடியேட்டர் மூடி தாங்குவதே ஒரு கிலோவை ஒட்டித்தான். அரை மணி நேரம் பார்த்தோம். அந்த ஒரு விரிசலைத் தவிர எங்கும் ஈரம் இல்லை. என்ஜினைப் பிரிக்கும்போதே, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி ஆயிலையும் பார்த்திருந்தார். டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், பேரிங் வரை சந்தேகப்பட வேண்டும். ஆயில் சுத்தமாக இருந்தது.

பிறகுதான் பேசினார். விரிசல் எவ்வளவு நீளம் என்பதைவிட எங்கே விழுந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். வெளிச்சுவர் என்றால், வெல்டிங் இல்லாமல் பின்களைத் திருகித் தைத்துவிடலாம். சிலிண்டர் சுவர் என்றால் ஸ்லீவ் (உள்ளே இறக்கும் இரும்புக் குழாய்) போட்டுச் சில நேரம் காப்பாற்றலாம், செலவு ஏறும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு உட்காரும் இடத்தில் விழுந்திருந்தால் காயலான் கடைதான். படகுப் பிளாக்குகள் சிலவற்றை அவர் திருப்பி அனுப்புவதையும் பார்த்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே தின்றுவிட்டுச் சுவர் மெலிந்திருந்தால் தையல் பிடிக்க இரும்பே இல்லை. என்னுடையது பனியில் பிளந்தது. இரும்பு முழுத் தடிமனோடு இருந்தது.

குளிர் நாடுகளில் ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்து என்ஜினைக் குளிர்விக்கும் படகுகள் உண்டு என்று அவர் மகன் சொன்னார். பனிக்காலத்துக்கு முன் அதை வடிக்க மறந்தால் இதே கதிதானாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். பிளாக்கில் இருக்கும் வட்டத் தகடு மூடிகள், டம்மி என்போம், அவை தெறித்து என்ஜினைக் காப்பாற்றும் என்று நானும் நம்பியிருந்தேன். வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட ஓட்டைகளை மூடத்தான் அவை இருக்கின்றன. எனக்கு இரண்டு டம்மி தெறித்தும் சுவர் பிளந்துதான் இருந்தது.

வெல்டிங்கை ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் சொல்கிறேன். வார்ப்பிரும்பில் ஓரிடம் மட்டும் சூடாகி ஆறும்போது இழுத்துக்கொண்டு, பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். முழு பிளாக்கையும் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெல்ல ஆறவிட்டால் முடியும். அதற்கான உலை தன்னிடம் இல்லை என்று நேராகச் சொன்னார். அவர் செய்தது குளிர்ந்த இரும்பிலேயே தைக்கும் வேலை. இரண்டு மதியம் நின்று பார்த்தேன். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, மேலே ஓடாமல் நிறுத்தினார். பிறகு குறுக்கே பூட்டுத் தகடுகளை இறக்கினார். அப்புறம் விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஒவ்வொரு பின்னாகத் திருகினார். ஒவ்வொன்றும் முந்தையதைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மொத்தம் 31 பின். மேலே தட்டித் தேய்த்துவிட்டால், மல்லிகைச் சரத்தில் நார் தெரியாதது போல வேலையே தெரியவில்லை. மறுபடியும் மூன்று கிலோ பிரஷர். என்னையே பம்பு அடிக்கச் சொன்னார்.

தையலுக்கு 26,000. புது வாட்டர் பம்பு, டம்மி எல்லாம், கேஸ்கட், ஆயில், இறக்கி ஏற்றிய கூலி சேர்த்து மொத்தம் 71,400. பணத்தைவிட எனக்குப் பெரிய நிம்மதி, பிளாக்கில் குத்தியிருக்கும் என்ஜின் நம்பர் மாறவில்லை. வேறு என்ஜின் போட்டிருந்தால் ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும், எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) நம்பர் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பழைய என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற கவலை வேறு.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்தார். போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். பெண்கள் போனால் உட்கார ஒரு நாற்காலி இல்லை, கழிப்பறையும் இல்லை. இதை அவர் மகனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பில் நாம் கேட்டால்தான் எழுதுகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் படகு என்ஜின்கள் வந்து குவிந்துவிடும், கார், வேன் எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். போவதென்றால் மாசிக்குள் போய்விடுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோனேன். ஒரு பின்னுக்குப் பக்கத்தில் பச்சையாகக் கூலன்ட் ஒரு துளி காய்ந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை, அவர் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தார். அதை எடுத்து ஒரு சைஸ் பெரிய பின் போட்டார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு சித்திரைத் திருவிழா ஓட்டம், மூன்று முறை கொடைக்கானல் மலை எல்லாம் போய் வந்தாயிற்று. சொட்டு இல்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் கூலன்டில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலக்கிறேன். கலவை எத்தனை டிகிரி தாங்கும் என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். ஐந்து லிட்டர் கலந்த கூலன்ட் கேன் பின்சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும். மீட்டரைப் பார்க்கத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று.

வருகிற ஜனவரிக்கு அதே குழுவில் ஆறு பேர் மறுபடி காசி கேட்டிருக்கிறார்கள். அந்த வேனைத்தான் அனுப்புகிறேன்.