வெர்சாயா, வோ-லெ-விகோம்தா? பாரிஸ்ல ஒரே ஒரு நாள்தான் மிச்சம்னா

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யாராவது பாரிஸ் வந்தா, ஈஃபிள் டவர் பாத்த மறுநாளே "வெர்சாய் எப்பப்பா கூட்டிட்டுப் போற"ன்னு கேட்டுடுவாங்க. நானும் போய்ப் போய் அந்த ஆர்.இ.ஆர் சி ரயில் சீட்டுக்கே என்னைத் தெரியும்ங்கற நிலைமை. இப்பல்லாம் நானே முந்திக்கிட்டு "அத்தை, அதுக்குப் பதிலா வேற ஒண்ணு காட்டவா"ன்னு கேட்டுப் பாக்கறேன். அந்த வேற ஒண்ணுதான் வோ-லெ-விகோம்த் மாளிகை. வாயில நுழையலன்னா வெறும் வோ, போதும்.

ரெண்டையும் ஒப்பிடணும்னா கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா வோ இல்லன்னா இப்ப நாம பாக்கற வெர்சாய் இல்ல. பதினாலாம் லூயிக்கு நிதி மந்திரியா இருந்தவர் நிக்கொலா ஃபூக்கே. கட்டடத்துக்கு லெ வோ, ஓவியம் அலங்காரத்துக்கு லெ ப்ரன், தோட்டத்துக்கு லெ நோத்ர்னு மூணு பேரைப் புடிச்சு பாரிஸுக்குத் தென்கிழக்கே 50 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இந்த மாளிகையக் கட்டினார். 1661 ஆகஸ்ட் 17-ம் தேதி ராஜாவைக் கூப்பிட்டு விருந்து வெச்சார், மோலியேர் புதுசா எழுதின நாடகம், வாணவேடிக்கை, ஃபூக்கேவோட விருந்து நிர்வாகி வாத்தேல் மேற்பார்வையில சாப்பாடு, எல்லாம் அமர்க்களம். ராஜாவுக்கு அப்ப வயசு 22. தன் மந்திரி வீடு தன் அரண்மனைய விட அழகா இருந்தா யாருக்குத்தான் வயிறு எரியாது, தங்கறதுக்கு ரூம் ரெடி பண்ணி வெச்சிருந்தும் ராத்திரியே ஃபோந்தென்ப்லோ அரண்மனைக்குக் கிளம்பிட்டார். செப்டம்பர் 5, ராஜாவோட பிறந்தநாள், அன்னைக்கு நாந்த் ஊர்ல வெச்சு ஃபூக்கேவைக் கைது பண்ணது தார்த்தஞ்ஞான். ஆமா, 'மூணு மஸ்கட்டியர்' கதையில வர்ற அதே ஆள்தான், நிஜமாவே இருந்தவர்.

விருந்தாலதான் வீணாப்போனார்னு எல்லாரும் சொல்லுவாங்க. உண்மையில ஃபூக்கேவுக்குப் போட்டியா இருந்த அதிகாரி கோல்பேர் அதுக்கு முன்னாடியே ராஜா காதுல ஓதி ஓதி குழி வெட்டி வெச்சிருந்தார், விருந்து எரியற கொள்ளியில எண்ணெய் ஊத்தின மாதிரி, அவ்ளோதான். வழக்கு மூணு வருஷம் நடந்துச்சு, கோர்ட்டு நாடு கடத்தணும்னு தீர்ப்பு சொல்ல, ராஜா அதை ஆயுள் சிறையா மாத்திட்டார். மேல இருக்கறவங்க தண்டனையக் குறைச்சுதான் கேள்விப்பட்டிருப்போம், இங்க கூட்டிட்டாரு. 1680-ல ஆல்ப்ஸ் பக்கத்துல பிஞ்ஞெரோல் கோட்டை சிறையிலேயே ஃபூக்கே செத்துட்டார்.

அப்புறம் ராஜா என்ன பண்ணார்? அந்த மூணு பேரையும் தன் வேலைக்கு எடுத்துக்கிட்டார், வோவுல இருந்த ஆரஞ்சு மரங்களக் கூட விடல, வண்டியில ஏத்தி வெர்சாய்க்கு. அப்பா பதிமூணாம் லூயி வேட்டைக்குப் போனா தங்கறதுக்குக் கட்டின சின்ன பங்களாவச் சுத்தி இவர் கட்டிக்கிட்டே போனதுதான் இன்னைய வெர்சாய், 1682-ல அரசவையே அங்க குடி போச்சு. அதனால ஒரிஜினல் எது, பெருசாக்கின பிரதி எதுன்னு கேட்டா என் பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

சரி, உள்ள போனா எப்படின்னு பாப்போம். வெர்சாய்ல கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடி, அதுக்குப் போட்டியா வோவுல எதுவுமே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அங்க நீங்க நடக்கல, கூட்டம் உங்களை நடத்திட்டுப் போகும், வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் வழியா போற மாதிரி, ராணியோட படுக்கையப் பாக்கணும்னா முன்னாடி நிக்கறவரோட செல்ஃபி ஸ்டிக்குக்கு அடியில குனிஞ்சுதான் பாக்கணும். பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல அரண்மனை சாமான்கள ஏலம் விட்டுட்டதால பல ரூம்ல சுவரும் கூரையும்தான் பிரமாதம், தட்டுமுட்டு சாமான் கம்மி. வோவுல ரூமெல்லாம் அடக்கமா, யாரோ குடியிருக்கற வீடு மாதிரி இருக்கும். நிலவறையில சமையல்கட்டு, சுவர் முழுக்க செப்புப் பாத்திரம், எங்க அத்தை அங்க நின்ன நேரம் மத்த எல்லா ரூமையும் சேத்தாக்கூட வராது. நடு மண்டபம் முட்டை வடிவம், அதோட கூரைக்கு லெ ப்ரன் பெருசா ஒரு ஓவியம் திட்டம் போட்டு வெச்சிருந்தார், முதலாளி ஜெயிலுக்குப் போனதுல அது அப்படியே நின்னு போச்சு. சுவர்லயும் கூரையிலயும் அங்கங்க அணில் இருக்கும், ஃபூக்கேங்கற வார்த்தைக்கு அவங்க பக்கத்துப் பேச்சுல அணில்னு அர்த்தமாம், அதான் குடும்பச் சின்னம். பசங்க கூட வந்தா அணில் எண்ணச் சொல்லி விட்டுடுங்க, ரெண்டு மணி நேரம் நிம்மதி.

புதுச்சேரிக்காரங்களா இருந்தா மட்டும் வெர்சாய்க்கு ஒரு பாயிண்ட் அதிகமா குடுப்பேன். இங்கிலீஷ்காரன் புடிச்சு வெச்சிருந்த நம்ம ஊரைத் திருப்பிக் குடுக்கணும்னு எழுதின ஒப்பந்தம் 1783-ல வெர்சாய்லதான் கையெழுத்தாச்சு, திப்பு சுல்தான் அனுப்பின தூதர்களும் புதுச்சேரியில கப்பல் ஏறி வந்து 1788 ஆகஸ்ட்ல அங்கதான் பதினாறாம் லூயியப் பாத்தாங்க.

இப்ப தோட்டம். என்னைக் கேட்டா மொத்த தீர்ப்பும் இங்கதான். வெர்சாய் பார்க் 800 ஹெக்டேருக்கு மேல, பெரிய கால்வாய் மட்டும் ஒன்றரை கிலோமீட்டரத் தாண்டும், ட்ரியனோன் மாளிகைங்க, ராணி மரி ஆன்த்வானெத்தோட கிராமம்னு ஒரே நாள்ல முடிக்கவே முடியாது. நீரூற்று ஓடற நாள்ல பாட்டு போட்டு திறந்து விடுவாங்க, பாக்க ஜோர்தான், ஆனா அந்த நாள்ல தோட்டத்துக்கும் தனி டிக்கெட். ராஜா காலத்துல அத்தனை ஊற்றுக்கும் தண்ணி பத்தாது, சேன் ஆத்துல இருந்து மேல ஏத்த மார்லிங்கற இடத்துல 14 பெரிய சக்கரம் வெச்சு மிஷின் போட்டும் பத்தல, அதனால ராஜா நடந்து வரும்போது ஆளுங்க விசில் அடிச்சு அடுத்த ஊற்றைத் திறந்து, தாண்டினதும் மூடிடுவாங்களாம். நம்ம ஊர்ல மந்திரி வர்ற ரோட்டுக்கு மட்டும் தார் போடற கதைதான்.

வோ தோட்டம் அதுல ஒரு துண்டு அளவுதான், 33 ஹெக்டேர். மாளிகைப் படிக்கட்டுல நின்னு பாத்தா எல்லாமே ஒரே பார்வையில தெரிஞ்சுடும், பூவேலை மாதிரி பாத்தி, வட்டக் குளம், சதுரக் குளம், அதை ஒட்டினாப்பல குகை மாதிரி சிற்பங்கள், மேட்டு மேல தங்க நிறத்துல ஹெர்குலிஸ். "இவ்ளோதானா, பத்து நிமிஷத்துல போய்ட்டு வந்துடலாம்"னு தோணும். அங்கதான் லெ நோத்ர் உங்கள ஏமாத்தறார். தூரத்துல இருக்கறதை வேணும்னே பெருசாவும் நீளமாவும் போட்டிருக்கார், அதனால கண்ணுக்கு எல்லாம் கிட்டத்துல இருக்கற மாதிரி படுது, நடந்தா நடந்துக்கிட்டே இருக்கோம். சதுரக் குளத்தோட அந்தப் பக்கம் போய் நின்னா திடீர்னு தரை கீழ எறங்குது, குகைக்கும் நமக்கும் நடுவுல பெரிய கால்வாய் ஒண்ணு குறுக்கால ஓடுது, அது இருக்கறதே மாளிகையில இருந்து தெரியாது! மொத தடவை நான் நிஜமாவே அடப்பாவின்னுட்டேன். கால்வாயச் சுத்திக்கிட்டு மேட்டு மேல ஏறித் திரும்பிப் பாத்தா மாளிகை பொம்மை மாதிரி சின்னதா தெரியும். வெர்சாய் தோட்டம் நான் எவ்ளோ பெரியவன் பாருன்னு சொல்லும், இது கூப்பிட்டு வெச்சு விளையாடும்.

போற வழி வெர்சாய்க்குத்தான் சுலபம், ரயில விட்டு எறங்கினா பத்து நிமிஷ நடை. திங்கக்கிழமை லீவு, அதை மறந்துட்டு போய் கேட்டைப் பாத்துட்டு வந்தவங்க நம்மாளுங்கள்லயே நெறைய பேர். வோவுக்கு மெலன் வரைக்கும் ரயில், லியோன் ஸ்டேஷன்ல ஆர் லைன் புடிச்சா அரை மணி நேரத்துக்குள்ள, லா ஷாப்பெல்ல தோசை சாப்டுட்டு கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து ஆர்.இ.ஆர் டி ஏறினாலும் அதே ஊருக்குத்தான் போகும் ஆனா ஊர்ந்து போகும். அங்கிருந்து ஷட்டில் பஸ், எல்லா நாளும் ஓடாது, நேரம் பாக்காம போய் ஒரு தடவை டாக்ஸிக்கு அழுதேன். குளிர்காலத்துல கிறிஸ்துமஸ் சமயம் தவிர மூடித்தான் இருக்கும், அரசாங்கச் சொத்து இல்ல, ஒரு குடும்பமே வெச்சு நடத்தறாங்க.

பாரிஸுக்கு வடக்கே இருக்கற ஷாந்தியி மாளிகை எப்படின்னு சில பேர் கேக்கறாங்க. ஓவியம் புடிக்கும்னா கண்ண மூடிட்டு அங்க போங்க, ரஃபாயேல் வரைஞ்ச ஓவியம் இருக்கு, குதிரை லாயமே அரண்மனை மாதிரி இருக்கும். மேல சொன்ன வாத்தேல் பின்னாடி அங்க வேலைக்குப் போய், 1671-ல ராஜா விருந்துக்கு மீன் வந்து சேரலன்னு உயிரையே விட்டுட்டார், பாவம்.

ஒரே நாள்தான், வாழ்க்கையில திரும்ப வரப்போறதில்ல, ஊர்ல போய் வெர்சாய் பாத்தேன்னு சொல்லணும்னா வெர்சாய் போங்க, காலையில மொத ஸ்லாட் எடுங்க, ஞாயிறும் செவ்வாயும் வேணாம். மத்தவங்க வோ. முட்டி வலி இருக்கறவங்களுக்கு அங்க கோல்ஃப் வண்டி வாடகைக்குக் கிடைக்கும், அத்தைய அதுலதான் ஹெர்குலிஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். கோடையில சனிக்கிழமை ராத்திரி ரெண்டாயிரம் மெழுகுவத்தி ஏத்துவாங்க, அதுக்குப் போறதா இருந்தா திரும்பி வர்றதுக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்து வெச்சுட்டு அப்புறமா டிக்கெட் போடுங்க.